கூட்டம் போட்ட பெண்களும் குறிப்பெடுத்த போலீசும்: அயர்லாந்து, 1881–82

“19ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் கிராமத்துப் பெண்கள் நடத்திய அரசியல் கூட்டங்களைப் போலீஸ் கண்காணித்ததா? ஓட்டுரிமைகூட இல்லாத பெண்களைப் பார்த்து அரசு எதற்குப் பயப்பட வேண்டும்?” என்பது கேள்வி.

கண்காணித்தது. தீவிரமாகவே கண்காணித்தது. ஆனால் இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொரு விஷயம். இந்தப் பெண்களை அரசியல்வாதிகள் என்று ஒப்புக்கொள்ள அரசுக்கு மனம் வரவில்லை. சும்மா விட்டுவைக்கவும் தைரியம் வரவில்லை. 1881, 1882 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஐரிஷ் போலீஸ் பெண்கள்மீது எடுத்த ஒவ்வொரு நடவடிக்கையிலும் இந்தத் தடுமாற்றம் தெரிகிறது. அந்தத் தடுமாற்றத்தின் விலையைச் சிறையில் கொடுத்தவர்கள் பெண்கள்.

முதலில் சுருக்கமாகப் பின்னணி. அப்போது அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்தது. 1870களில் அயர்லாந்து நிலத்தில் ஏறக்குறையப் பாதி, 800க்கும் குறைவான நிலவுடைமையாளர்கள் கையில் இருந்தது. உழுதவர்கள் குத்தகைதாரர்கள். 1877 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து விளைச்சல் பொய்த்தது. குத்தகை மட்டும் இறங்கவில்லை. கட்ட முடியாதவர்களைக் கோர்ட் உத்தரவோடு வந்து வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். 1879 அக்டோபரில் டப்ளினில் குத்தகைதாரர்களுக்காகத் தேசிய நிலச் சங்கம் தொடங்கியது. சார்ல்ஸ் ஸ்டூவர்ட் பார்னெல் தலைவர். அதன் உயிர்நாடி மேயோ மாவட்டத்துக்காரரான மைக்கேல் டேவிட். சிறு வயதிலேயே தன் குடும்பம் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டதைக் கண்டவர் அவர்.

தலைவர்களை அரசு மொத்தமாகச் சிறையில் தள்ளப்போகிறது என்பது 1881 தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆண்கள் உள்ளே போனால் வெளியே வேலையை யார் பார்ப்பது? பெண்கள் பார்க்கட்டும் என்றார் டேவிட். பார்னெல் உட்படச் சக தலைவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் 1881 ஜனவரி 31 அன்று பெண்கள் நிலச் சங்கம் உருவானது. பொறுப்பேற்றவர் பார்னெலின் தங்கை அன்னா பார்னெல். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. இன்னொரு சகோதரி ஃபேன்னி, அதற்கு முந்தைய ஆண்டே நியூயார்க்கில் இதேபோல் ஒரு சங்கத்தைத் தொடங்கியிருந்தார். சங்கம் பிறந்த மூன்றாம் நாளே டேவிட் கைதானார். பிப்ரவரி 13 அன்று மேயோவின் கிளேர்மோரிஸ் ஊரில் அன்னா தன் முதல் பெரிய பொதுக்கூட்டத்தை நடத்தினார். அடுத்த சில மாதங்களில் ஊர் ஊராகக் கிளைகள் முளைத்தன. எண்ணிக்கை சில நூறுகளைத் தொட்டது.

இனி போலீசுக்கு வருவோம். டப்ளின் நகருக்குத் தனிப் போலீஸ் இருந்தது. கிராமப்புறம் முழுவதும் ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி என்ற படையின் பொறுப்பு. இங்கிலாந்து கிராமத்துக் காவலரைப் போலத் தடியோடு திரிந்தவர்கள் அல்லர் இவர்கள். கரும்பச்சைச் சீருடை, கையில் துப்பாக்கி, ராணுவப் பயிற்சி. நாடு முழுக்கச் சுமார் 1,400 நிலையங்கள்; பெரும்பாலானவற்றில் நான்கைந்து பேர். சொந்த மாவட்டத்தில் வேலை கிடையாது. மனைவியின் மாவட்டத்திலும் கிடையாது. திருமணம் செய்யவே மேலதிகாரியின் அனுமதி வேண்டும். ஊரோடு உறவு முளைக்கக் கூடாது என்பதற்காகவே போடப்பட்ட விதிகள் இவை. ஆனால் படையினரில் பெரும்பான்மையினர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். தாங்கள் கண்காணித்த பெண்களின் வீட்டைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவர்கள்.

இந்தப் படைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை ஏக்கரில் உருளைக்கிழங்கு, எந்தப் பண்ணையில் எத்தனை மாடு என்று விவசாயப் புள்ளிவிவரம் எடுத்ததும் இதே காவலர்கள்தான். 1881 ஏப்ரலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களோடு வீடு வீடாகப் போனதும் இவர்கள்தான். அதாவது உளவு பார்க்க யாரும் மாறுவேடத்தில் வர வேண்டியதில்லை. யார் வீட்டில் எத்தனை பெண்கள், என்ன வயது, யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதெல்லாம் கான்ஸ்டபிளுக்கு அலுவல் முறையிலேயே தெரியும். தேவாலயப் பூசை முடிந்து ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எந்தப் பக்கம் கலைகிறார்கள், எந்தக் கடையின் மாடி அறைக்கு வழக்கத்துக்கு மாறாக ஏறுகிறார்கள் என்பதை நிலையத்து வாசலில் நின்றபடியே பார்த்துவிடலாம். பார்த்தது நிலையத் தலைவரின் அறிக்கையாகும். அது துணை ஆய்வாளருக்குப் போகும். அவர் தன் கருத்தைச் சேர்த்து மாவட்ட ஆய்வாளருக்கு அனுப்புவார். அங்கிருந்து ஆட்சியின் மூளையான டப்ளின் காஸிலுக்குப் போய்ச் சேரும். பெரிய பொதுக்கூட்டம் என்றால் சுருக்கெழுத்துத் தெரிந்தவரை அனுப்பி மேடைப் பேச்சை எழுதிக்கொண்டுவரச் செய்வார்கள். அந்தக் குறிப்புகள் பின்னாளில் வழக்குகளில் சாட்சியமாயின.

ஆண்கள் கூட்டத்துக்கு இந்த ஏற்பாடு பொருந்தியது. மேடை, கொடி, பாண்டு வாத்தியம், பேச்சாளர் பட்டியல் எல்லாம் அங்கே உண்டு. பெண்கள் கிளையின் வேலையோ பெரும்பாலும் மேடையில் நடக்கவில்லை. யாருக்கு வெளியேற்ற நோட்டீஸ் வந்திருக்கிறது, எந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வாரம் சோறில்லை, வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எவன் எடுத்திருக்கிறான் என்று பேசிப் பெயர்களை எழுதி டப்ளினுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. இதை அடுப்படியில் உட்கார்ந்தும் செய்யலாம், வெண்ணெய்ச் சந்தையில் நின்றும் செய்யலாம். வாசலில் நிற்கும் கான்ஸ்டபிளின் கண்ணுக்கு ஐந்தாறு பெண்கள் பேசிக்கொண்டிருப்பதுதான் தெரியும். அது அரசியல் கூட்டமா, அண்டை வீட்டுப் பேச்சா? அதைப் பிரித்தறியும் கண் அந்தப் படைக்குப் பயிற்றுவிக்கப்படவே இல்லை.

முதல் சில மாதங்கள் அரசும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைவிடக் கடுமையாக எதிர்த்தது தேவாலயத்தின் ஒரு பகுதி. டப்ளின் பேராயர் எட்வர்ட் மெக்கேப், 1881 மார்ச்சில் சுற்றுமடல் எழுதிக் கண்டித்தார். பெண்களை வீதிக்கு இழுப்பது அவர்களின் அடக்கத்துக்குக் கேடு என்பது அவர் வாதத்தின் சாரம். காஷெல் பேராயர் க்ரோக் வெளிப்படையாகவே பெண்கள் பக்கம் நின்றார். ஒரு கிராமத்துப் பெண்ணின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். அவள் ஒரு கூட்டத்துக்குப் போனால், கான்ஸ்டபிள் பார்ப்பான், பாதிரியார் கேட்பார், நிலவுடைமையாளரின் ஏஜென்ட் காதுக்குப் போகும், வீட்டில் அப்பாவோ அண்ணனோ கேள்வி கேட்பார்கள். போலீஸ் கண்காணிப்பு என்பது இத்தனை கண்களில் ஒன்று. இத்தனை கண்களையும் மீறித்தான் நூற்றுக்கணக்கான ஊர்களில் அவர்கள் கூடினார்கள். இதைச் சொல்லாமல் போலீஸ் அறிக்கைகளை மட்டும் பேசுவது அநியாயம்.

அந்த ஆண்டு அக்டோபரில் எல்லாம் தலைகீழானது. அக்டோபர் 13 அன்று பார்னெல் கைதானார். 18 அன்று சிறையிலிருந்தே தலைவர்கள் ‘குத்தகை கொடுக்காதீர்கள்’ என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். 20 அன்று நிலச் சங்கமே தடை செய்யப்பட்டது. விசாரணையின்றி, சந்தேகத்தின் பேரிலேயே அடைத்துவைக்க அந்த ஆண்டு மார்ச்சில் வந்த அடக்குமுறைச் சட்டம் இடம் கொடுத்தது. மொத்தம் 900க்கும் மேற்பட்டோர் அதன்கீழ் உள்ளே போனார்கள். அயர்லாந்தின் தலைமைச் செயலர் டபிள்யூ. ஈ. ஃபார்ஸ்டர், இத்தோடு முடிந்தது என்று நம்பியிருக்க வேண்டும். முடியவில்லை. சிறைப்பட்டவர்களுக்குச் சாப்பாடு, அவர்கள் குடும்பங்களுக்குப் பணம், வெளியேற்றப்பட்டவர்களுக்குக் கூரை, எல்லாவற்றையும் பெண்கள் எடுத்து நடத்தினார்கள். இயக்கத்தின் ‘யுனைட்டட் அயர்லாந்து’ பத்திரிகையை டப்ளினில் போலீஸ் முடக்கியபோது, அதை வெளியூர்களில் அச்சடித்து உள்ளே கடத்திவந்து விநியோகித்ததிலும் அவர்கள் கை இருந்தது.

இப்போதுதான் காஸில் விழித்துக்கொண்டது. 1881 டிசம்பர் 16 அன்று படையின் தலைமை ஆய்வாளர் கர்னல் ஹில்லியர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஆண்கள் சங்கம் சட்டவிரோதமாகிவிட்டதால் பெண்கள் நிலச் சங்கத்தின் கூட்டங்களும் சட்டவிரோதமே, அவற்றை நடக்கவிடக் கூடாது என்பது அதன் சாரம். இதுவரை அரசியலில் இல்லாதவர்கள் என்று கருதப்பட்டவர்கள் ஒரே காகிதத்தில் தடை செய்யப்பட்டவர்களானார்கள்.

அன்னா பார்னெல் என்ன செய்தார் தெரியுமா? ரகசியக் கூட்டங்களுக்குப் பின்வாங்கவில்லை. நாடு முழுவதும் உள்ள எல்லாக் கிளைகளும் 1882 ஜனவரி 1, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணிக்கு ஒரே நேரத்தில் கூட்டம் நடத்த வேண்டும் என்று பகிரங்கமாக அறிவித்தார். இந்த உத்தியை நான் மிகவும் மதிக்கிறேன். கண்காணிப்பு என்பதே ஆள்பலக் கணக்கு. நான்கைந்து பேர் உள்ள நிலையம் ஓர் ஊரில் ஒரு கூட்டத்தைத் தடுக்கலாம். எல்லா ஊரிலும் ஒரே மணிக்குக் கூட்டம் என்றால் பக்கத்து நிலையத்திலிருந்து உதவிக்கு ஆள் வராது. நாளையும் நேரத்தையும் எதிரிக்கே சொல்லிவிட்டதால் ஒற்றன் கொண்டுவர வேண்டிய செய்தியும் ஒன்றுமில்லை. அறிவித்தபடியே கூட்டங்கள் நடந்தன. சுற்றறிக்கை அந்த இயக்கத்தை ஒடுக்கவில்லை.

இதே சமயத்தில் செய்ததுதான் அரசின் மிக மோசமான செயல் என்பேன். அடக்குமுறைச் சட்டத்தின்கீழ் பெண்களைப் பிடித்திருக்கலாம். அப்படிப் பிடித்தால் அவர்கள் ‘சந்தேக நபர்கள்’, அதாவது அரசியல் கைதிகள். ஆண் கைதிகளுக்கு அந்தத் தகுதியால் சில சலுகைகள் இருந்தன: சொந்த உடை, வெளியிலிருந்து சாப்பாடு, சக கைதிகளோடு பேசப் பகலில் சில மணி நேரம். பெண்களுக்கு அந்தத் தகுதியைக் கொடுக்க அரசு விரும்பவில்லை. அதற்குப் பதில் 1361இல், மூன்றாம் எட்வர்ட் காலத்தில் வந்த ஒரு சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. நாடோடிகள், வம்புக்காரர்கள், தெருவில் நிற்கும் பாலியல் தொழிலாளர்கள் போன்றோரிடம் நன்னடத்தைக்குப் பிணை கேட்கப் பயன்பட்டுவந்த சட்டம் அது. பிணை கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம், கொடுக்காவிட்டால் சிறை. நம் ஊரில் 2024 வரை நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 பிரிவுகளில் அமைதி காப்பதற்கும் நன்னடத்தைக்கும் பிணை என்று கேட்டுப் பழகியிருக்கிறோமே, அதற்கும் இதே ஆங்கிலச் சட்ட மரபுதான் மூலம்.

1881 டிசம்பரில் முதலில் சிறை சென்றவர் ஹான்னா ரெனால்ட்ஸ். அடுத்தடுத்து மேரி ஓ’கானர், ஆன் கிர்க் என்று பத்துக்கும் மேற்பட்ட பெண்கள். மேரி ஓ’கானருக்கு ஆறு மாதம், ஆன் கிர்க்குக்கு மூன்று மாதம். பிணை கொடுத்திருந்தால் இவர்கள் அன்றே வீடு திரும்பியிருக்கலாம். மறுத்தார்கள். ‘இனி ஒழுங்காக நடந்துகொள்வேன்’ என்று கையெழுத்துப் போட்டால் இதுவரை ஒழுங்கில்லாமல் நடந்தேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒரு கிராமத்து இளம்பெண்ணுக்கு அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி அழைத்துப்போவதே எவ்வளவு பெரிய அவமானம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த அவமானம்தான் நோக்கம். உள்ளே போனவர்களுக்கு அரசியல் கைதியின் சலுகை ஒன்றும் இல்லை. சாதாரணக் குற்றவாளிகளின் விதிகள், நாளின் பெரும்பகுதி தனிக்கொட்டடியில்.

கண்காணிப்பு எவ்வளவு அற்பமான விஷயங்கள் வரை போனது என்பதற்குக் குடிசைகளைச் சொல்ல வேண்டும். வெளியேற்றப்பட்ட குடும்பம் மழையில் நிற்கக் கூடாது என்று சங்கம் மரப்பலகைக் குடிசைகளைச் செய்து கிராமங்களுக்கு அனுப்பியது. பழைய வீட்டுக்கு அருகிலேயே, முடிந்தால் அது கண்ணில் படும் தூரத்திலேயே நிறுத்துவார்கள். அந்த நிலத்தைப் புதிதாக எடுக்க வருபவன் தினமும் காலையில் அந்தக் குடிசையைப் பார்த்தாக வேண்டும். இதைத்தான் அதிகாரிகள் ‘மிரட்டல்’ என்றார்கள். குடிசை தங்குவதற்கல்ல, பயமுறுத்துவதற்கே என்று வாதிட்டார்கள். லிமெரிக், கிளேர் பகுதிகளின் சிறப்பு நீதிபதி கிளிஃபோர்ட் லாய்ட் இதில் மிகக் கடுமை காட்டினார். பர்மாவில் பிரிட்டிஷ் நிர்வாகத்தில் பணியாற்றிவிட்டு வந்தவர் அவர். தச்சர்கள் கைதானார்கள். வெளியேற்றப்பட்டவர்களுக்கு உதவ கிளேருக்குப் போனதற்காகத்தான் ஆன் கிர்க் பிடிபட்டார். ஆணியும் பலகையும் வந்து இறங்கும் வண்டியைப் போலீஸ் பின்தொடர்ந்து போகும் நிலைமை உண்டாயிற்று. 1882 கோடையில் டப்ளின் தெருவில் குதிரைமேல் வந்த வைஸ்ராய் ஸ்பென்சர் பிரபுவின் கடிவாளத்தை அன்னா பிடித்து நிறுத்திக் கேட்டது இதைப் பற்றித்தான்: குடிசைகளை ஏன் தடுக்கிறீர்கள்?

போலீஸ் மட்டும் குறிப்பெடுத்ததாக நினைத்துவிட வேண்டாம். பெண்களும் எடுத்தார்கள், இன்னும் நன்றாகவே. கிளைகளுக்கு அச்சிட்ட படிவங்கள் போயின. எந்தப் பண்ணை, யார் உடைமையாளர், ஏஜென்ட் எப்படிப்பட்டவன், எத்தனை குத்தகைதாரர்கள், கொடுக்கும் குத்தகை எவ்வளவு, அரசு மதிப்பீட்டில் அந்த நிலத்தின் மதிப்பு எவ்வளவு, எத்தனை பேர் வெளியேற்றப்பட்டார்கள் என்று நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். டப்ளினில் மேல் சாக்வில் தெரு அலுவலகத்தில் அவற்றைத் தொகுத்துப் பெரிய பேரேடாக வைத்திருந்தார்கள். அதற்கு அவர்கள் செல்லமாக வைத்த பெயர் ‘கெல்ஸ் நூல்’; அயர்லாந்தின் பழம்பெரும் சுவிசேஷச் சுவடியின் பெயர். பின்னாளில் டேவிட் இந்தப் பேரேட்டை மனதார வியந்து எழுதியிருக்கிறார். ஓர் ஊரில் என்ன நடக்கிறது என்பதை அறிய காஸிலுக்கு ஆயிரக்கணக்கான ஆயுதம் தாங்கிய ஆட்கள் தேவைப்பட்டார்கள். அந்தப் பெண்களுக்கு ஊரில் ஒருத்தி எழுதத் தெரிந்திருந்தால் போதுமானதாக இருந்தது. ஓட்டில்லாதவர்களைக் கண்டு ஏன் பயந்தார்கள் என்று கேட்டீர்களே, அதற்கு நான் சொல்லக்கூடிய நேரடியான பதில் இந்தப் பேரேடுதான்.

அவர்களை வீழ்த்தியது போலீஸ் இல்லை. 1882 மே 2 அன்று அரசோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்து பார்னெல் விடுதலையானார். நான்கு நாளில் ஃபீனிக்ஸ் பூங்காவில் புதிய தலைமைச் செயலர் காவெண்டிஷும் துணைச் செயலர் பர்க்கும் கொல்லப்பட, நாடே அதிர்ந்தது. வெளியே வந்த ஆண் தலைவர்களுக்குப் பெண்களின் வேகம் இடைஞ்சலாகப்பட்டது. பெண்கள் சங்கத்துக்கு வங்கியில் 5,000 பவுண்டு அளவுக்குக் கடன் ஏறியிருந்தது. சங்கத்தைக் கலைத்தால்தான் அதைத் தீர்ப்போம் என்றார்கள். ஆகஸ்டில் கலைத்தார்கள். ஜூலையில்தான் ஃபேன்னி இறந்திருந்தார். அக்டோபரில் பிறந்த புதிய தேசியச் சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை. அன்னா அண்ணனோடு அதன்பின் பேசவே இல்லை என்பார்கள். தன் தரப்பை 1907இல் எழுதிவைத்தார். 1911இல் இங்கிலாந்துக் கடற்கரை ஊர் ஒன்றில் குளிக்கும்போது மூழ்கி இறந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி 1986இல்தான் அச்சேறியது.

காகிதங்கள் பற்றி ஒரு வார்த்தை. 1881 கணக்கெடுப்பில் காவலர்கள் வீடு வீடாக நிரப்பி வாங்கிய படிவங்கள் இன்று இல்லை. முதல் உலகப் போரின்போது அரசே அவற்றைக் கூழாக்கிவிட்டது. 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடம் எரிந்தபோது பொது ஆவணக் காப்பகமும் சாம்பலானது. தலைமைச் செயலர் அலுவலகக் கோப்புகள் மட்டும் காஸிலில் தனியாக இருந்ததால் தப்பின. இப்போது பிஷப் தெருவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆகவே மேயோவிலோ கிளேரிலோ அன்று ஒரு மாடி அறையில் கூடிய பெண்களைத் தேடுகிறவர், கடைசியில் போய்ச் சேருவது அவர்களைக் கலைக்க அனுப்பப்பட்டவனின் அறிக்கையிடம்தான். அதை வாசிக்கும்போது அவன் எழுதிய அடைமொழிகளைக் கழித்துவிட்டு வாசியுங்கள். ‘இன்னாருடைய மகள்’, ‘இன்ன கடைக்காரரின் மனைவி’ என்பதெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரிந்தவை. பெயர், நாள், இடம், எத்தனை பேர் வந்தார்கள், கலையச் சொன்னபோது கலைந்தார்களா இல்லையா: இவற்றைத் தனியாக எடுத்து எழுதிப் பாருங்கள்.